பெட்டிச்சூடு: நாரணாபுரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

மேசைக் கணினி ஏன் சூடாகிறது என்ற கேள்வியை இதுவரை பொறியாளர்களே கேட்டுவந்தார்கள். அதனால் விடையும் பொறியியலாகவே கிடைத்துவந்தது. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில், பட்டாசு விற்பனை அலுவலகம் ஒன்றில், கல்லாவுக்கு அடியில் மர அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்ட பெட்டியை மே மாதத்துப் பிற்பகலில் தொட்டுப் பார்த்தவர் எவரும் இது பொறியியலோடு முடிகிற சங்கதி இல்லை என்று ஒப்புக்கொள்வார். இதில் நிலவியல் இருக்கிறது, சமயம் இருக்கிறது, வணிகவியல் இருக்கிறது, நல்லெண்ணெயும் கொஞ்சம் இருக்கிறது. இவற்றை ஒழுங்குபடுத்தித் தருவார் இல்லாமையால் இவ்வாய்வாளர் அப்பணியை மேற்கொள்ள நேர்ந்தது.

கருதுகோள் இதுதான்: நாரணாபுரத்துக் கணினி வெயிலால் சூடாவதில்லை, மரியாதையால் சூடாகிறது. இதை நிறுவுமுன், குற்றம் சாட்டப்பட்ட வெயிலுக்கும் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிப்பதே ஆய்வு நெறி.

களமும் பொழுதும்

பாலைக்குத் தொல்காப்பியர் தனியே நிலம் ஒதுக்கவில்லை. பொழுதை மட்டும் நண்பகல், வேனில் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் கத்திரி வெயிலில் சிவகாசிப் பேருந்து நிலையத்தில் இறங்கியிருந்தால் நிலத்தையும் அங்கேயே எழுதி முடித்திருப்பார் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. பாலையின் ஏனைய இலக்கணங்கள் கணினிப் பெட்டிக்கு அப்படியே பொருந்துகின்றன. கருப்பொருளில் விலங்கு பல்லி; உணவு தூசி; பறை, ஃபேன் போடும் சத்தம். உரிப்பொருள் பிரிவு. ப்ராசசரையும் அதன் தலைமேல் அமர்ந்த ஹீட்சிங்கையும் இணைத்து வைப்பது இடையில் தடவிய பேஸ்ட். ஆண்டுகள் போய் அது காய்ந்து பொருக்குத் தட்டியதும் பிரிவு நேர்கிறது. பிரிந்தவர் இருவரும் ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் சூடு கடக்காது. இதைவிடத் துயரமான பாலைக் காட்சியை இவ்வாய்வாளர் கண்டதில்லை.

இந்நிலத்தின் வறட்சி தற்செயலானதன்று. ஊரின் தொழிலே அதன்மேல் நிற்கிறது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியபோது, மழை பொய்த்த கரிசல் பூமியும் காய்ந்த காற்றும் அவர்களுக்குத் தோதாக அமைந்தன. தீக்குச்சி காய்வதற்கும், பின்னர் வந்த பட்டாசின் காகிதக் குழாய் காய்வதற்கும், அச்சடித்த தாள் காய்வதற்கும் காற்றில் ஈரம் குறைவாக இருப்பது வரம். கணினிக்கும் பாதி வரமே. தூத்துக்குடியில் உப்புக்காற்று மதர்போர்டின் கால்களை அரிக்கும் கொடுமை இங்கே இல்லை. மீதிப் பாதி சாபம்: காய்ந்த காற்றில் தூசி எழும்பும், நிலைமின்சாரம் சேரும்.

இனி வெயிலின் உண்மையான பங்கு. எந்த ஹீட்சிங்கும் எந்த ஃபேனும் ப்ராசசரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறக்க முடியாது. விசிறி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, சூட்டை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. ஆக, ஊட்டியில் 18 டிகிரியிலிருந்து கணக்கைத் தொடங்குகிற கணினி இங்கே 40 டிகிரியிலிருந்து தொடங்குகிறது. கணக்கு போட்டுப் பார்க்கலாம். 200 வாட் இழுக்கும் ஒரு பெட்டி; அதற்குள் நொடிக்கு 14 லிட்டர் காற்று போய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், வெளியேறும் காற்று உள்ளே வந்த காற்றைவிட ஏறத்தாழ 12, 13 டிகிரி கூடுதலாக இருக்கும். 40இல் நுழைந்தது 53இல் வெளியேறும். நவீன ப்ராசசர்கள் 100 டிகிரியை ஒட்டிய வரம்புவரை தாங்கும்படி செய்யப்பட்டவை. ஆகவே வெயில் மட்டுமே குற்றவாளி என்றால் வழக்கு நிற்காது. ஆனால் காற்றின் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். உயர்வு 25 டிகிரியாகிவிடும். அந்தப் பாதியைத் தடுத்தது யார் என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி.

சூட்டின் வரலாறு, சுருக்கமாக

1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற சில்லில் 2,300 டிரான்சிஸ்டர்கள். அதன் தலையில் ஹீட்சிங்க் கிடையாது, ஃபேன் கிடையாது. அது மோர் குடித்து வளர்ந்த தலைமுறை. 486 காலத்தில்தான் தலைக்கவசம் தேவைப்பட்டது. 2004இல் வந்த பிரெஸ்காட் என்னும் பென்டியம் 4 வகையில் நிலைமை கைமீறியது. கட்டைவிரல் நகத்தளவு, 112 சதுர மில்லிமீட்டர்ப் பரப்பில், அதன் உயர்ந்த வகை 115 வாட் வெப்பத்தைக் கக்கியது. சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்டுக்கும் மேல். சலவைக்காரர் கையில் இருக்கும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் அங்கே 5 வாட்தான் வருகிறது. இஸ்திரிப் பெட்டியைப் போல இருபது மடங்கு அடர்ந்த சூட்டை வைத்துக்கொண்டு பட்டாசு பில் போட்டிருக்கிறோம்.

இந்த ஆபத்தை முன்பே கண்டவர் அன்று இன்டெல்லில் இருந்த பாட் கெல்சிங்கர். இதே போக்கில் போனால் 2005 வாக்கில் சில்லின் வெப்ப அடர்த்தி அணு உலையையும், 2010இல் ராக்கெட் குழலின் வாயையும், 2015இல் சூரியனின் பரப்பையும் எட்டும் என்று 2001இல் பொறியாளர்கள் கூடிய அவையில் எச்சரித்தார். கேட்டவர்கள் திகைத்தார்களாம். நாரணாபுரத்தில் சொல்லியிருந்தால், ராக்கெட் எந்த ரகம், பெட்டிக்கு எத்தனை என்று கேட்டிருப்பார்கள். 2004இல் இன்டெல் அடுத்த சூட்டுச் சில்லுத் திட்டத்தையே கைவிட்டு, ஒரே தலையை வேகமாக ஓட்டுவதற்குப் பதில் பல தலைகளை நிதானமாக ஓட்டும் வழிக்குத் திரும்பியது.

2001ஐச் சேர்ந்த இன்னொரு பரிசோதனையும் குறிப்பிடத்தக்கது. டாம்ஸ் ஹார்ட்வேர் என்னும் கணினி ஆய்வு ஏட்டார், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளின் ஹீட்சிங்கைக் கழற்றி என்ன நடக்கிறது என்று படம் பிடித்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு முனகியபடி ஓடியது. பென்டியம் 3 அப்படியே நின்றது. ஏஎம்டியின் ஆத்லான் புகைந்து செத்தது. அதன்பின் நாளடைவில் எல்லாச் சில்லுகளும் சூடேறினால் வேகத்தைக் குறைக்கவும், எல்லை கடந்தால் தானே அணைந்துகொள்ளவும் கற்றுக்கொண்டன. இந்த நற்பண்பே இவ்வட்டாரத்தில் பெருங்குழப்பத்துக்குக் காரணம். கணினி சாகாமல் மந்தமாகிறது. மந்தமானால் இவ்வூர் செய்வது ஒன்றுதான்: "வைரஸ் வந்துடுச்சு" என்று முடிவுகட்டி விண்டோஸை மறுபடி ஏற்றுவது. வைரஸ் பாவம், அதற்கு இதில் கையில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். கணினியில் ஒரு துணுக்குத் தகவலை அழிப்பதற்கென்றே தவிர்க்க முடியாத ஒரு குறைந்தபட்சச் சூடு உண்டு என்று 1961இல் ரோல்ஃப் லாண்டவர் நிறுவினார். எழுதுவது இலவசமாகக்கூட முடியும். அழிப்பதற்குத்தான் இயற்கை கட்டணம் வாங்குகிறது. சூடு மிகமிகச் சிறியது. ஆயினும் கடனைத் தள்ளுபடி செய்தால் தனக்கு ஏன் நெஞ்சு எரிகிறது என்று வியக்கும் வணிகர்களுக்கு இது ஆறுதலாக இருக்கக்கூடும்.

மரியாதைக் கோட்பாடு

இனி மையத்துக்கு வருவோம். இவ்வட்டாரத்தில் ஒரு பொருளுக்கு மதிப்பு உண்டு என்பதை அதை மூடிவைப்பதன் மூலமே தெரிவிக்கிறார்கள். டிவி மேல் துணி, ரிமோட்டுக்குப் பாலித்தீன் உறை, சோபாவுக்குக் கடையில் வந்த உறையே நிரந்தர ஆடை. கணினி வந்தபோது அதற்கும் உரிய கௌரவம் கிடைத்தது. மேசை செய்த ஆசாரி பெட்டிக்கென்று கீழே ஓர் அறை அமைத்தார். அதற்குக் கதவு வைத்தார். கதவுக்குப் பூட்டு வைத்தார். வயர் போவதற்குப் பின்னால் ஒரு துளை. பெட்டி விடும் மூச்சை அதுவே திரும்ப இழுக்கிறது. பூட்டிய அலமாரிக்குள் 200 வாட் ஓடினால் நடப்பது என்னவென்று சொல்லத் தேவையில்லை; உள்ளே செல்லும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகவே முடிகிறது. பில்லும் லெட்ஜரும் அந்த ஹீட்டரின் உபரி விளைச்சல்.

அடுத்த மரியாதை சமயம் சார்ந்தது. ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், கதம்பம். பொட்டு எங்கே வைக்கப்படுகிறது? முகப்பில், காற்று உள்ளே போகும் சல்லடைமேல். மாலை எங்கே தொங்கவிடப்படுகிறது? மேற்பலகையில், காற்று வெளியேறும் துளைகளை மறைத்து. எதிரே சாம்பிராணி. அதன் புகைத் துகள் எண்ணெய்ப் பசையோடு உள்ளே போய், அடுத்து வரப்போகும் தூசிக்கெல்லாம் இருக்கை விரித்து வைக்கிறது. வெளியே துடைத்துப் பொட்டிடும் அதே கை, பக்கவாட்டுப் பலகையின் இரண்டு திருகைக் கழற்றி உள்ளே பார்ப்பதில்லை. கருவறைக்குள் நாம் போகலாமா என்ற தயக்கமாக இருக்கலாம்.

மூன்றாவது மரியாதை வணிகத்தினுடையது. காலி இடம் என்று ஒன்று இருப்பதை வணிகம் பொறுக்காது. பெட்டியின் பின்னால் ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லிப் போவார் சர்வீஸ் தம்பி. மறுநாள் அந்தச் சாணில் கிஃப்ட் பாக்ஸ் அட்டைகள் சொருகப்பட்டிருக்கும். பெட்டியின் தலைமேல் விலைப்பட்டியல் கட்டு, அதன்மேல் சென்ற ஆண்டின் தினசரி நாட்காட்டி, அதன்மேல் டீ கிளாஸ்.

தூசியைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும். இவ்வட்டாரத்துத் தூசி மற்ற ஊர்த் தூசியைப் போன்றதன்று. அடித்தளமாகக் கரிசல் புழுதி. அச்சகத்தை ஒட்டிய டிசைன் அறை என்றால் கட்டிங் மெஷினிலிருந்து வரும் காகிதத் தூள். அதற்கும் மேலாக ஆப்செட் மெஷினின் ஸ்ப்ரே பவுடர். அச்சான தாளின் மை ஈரம் அடுத்த தாளின் முதுகில் ஒட்டாமல் இருக்க மாவுச்சத்துத் தூளைத் தூவுவார்கள். தாளில் விழுந்தது போக மிச்சம் காற்றில் மிதந்து அடுத்த அறைக்குப் போகிறது. கஞ்சி போட்ட வேட்டி விறைப்பாக நிற்கும். கஞ்சித் தூள் போட்ட ஹீட்சிங்க் அடைந்து நிற்கும். இடுக்குகளில் நரைத்த கம்பளம்போல் படிந்திருக்கும் அதைச் சர்வீஸ் தம்பிகள் விரல்நகத்தால் ஒரே பாளமாக உரித்தெடுத்துக் காட்டுவார்கள். அதை முதலாளியிடம் காட்டும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பெருமிதம், கீழடியில் பானை எடுத்தவர்களுக்கே உரியது.

சூட்டுக்குப் பலியாவது ப்ராசசர் மட்டும் அல்ல. மதர்போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் இருக்கும் மின்பகுளிக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கைவிதி. உச்சந்தலை உப்பி, கசிந்து, பழுப்பாக நிற்கும் கெப்பாசிட்டர்களை 2000களின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் தரக்குறைவான மின்பகுளியோடு வந்தவை உலகெங்கும் உப்பின. இங்கே கத்திரி வெயிலும் பூட்டிய அலமாரியும் அந்தப் பணியைத் துரிதப்படுத்திக் கொடுத்தன.

முன்னோர் மொழிந்தவை

இப்பொருள் குறித்து இவ்வட்டாரத்தில் வழங்கும் மருத்துவ முறைகள் சிலவற்றை மதிப்பிடுவோம்.

முதலாவது, திறந்துவைப்போர் பள்ளி. பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மின்விசிறியை நேரே திருப்பிவைப்பது. மிக்சியும் கிரைண்டரும் சமையலறைக்குப் போக, விசிறி கணினிக்கு வந்தது. ஒரு நலத்திட்டம் இப்படிக் கணினித் துறைக்கும் பயன்பட்டதை அதை வகுத்தவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அறிவியல்படி இப்பள்ளியைத் தள்ளிவிட முடியாது. வெளியிலிருந்து பலமான காற்று அடித்தால் சூடு இறங்கவே செய்யும். ஆனால் அந்தக் காற்றோடு கரிசல் பூமியும் உள்ளே வருகிறது. முன்பக்கம் இழுத்துப் பின்பக்கம் தள்ளுவது என்று பெட்டிக்குள் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். பலகையைக் கழற்றினால் கரை உடைந்த வாய்க்கால். மூலையிலிருக்கும் உறுப்புக்குக் காற்று போய்ச் சேராது. விசிறி இல்லாமல் பலகையை மட்டும் கழற்றுவோர் பல்லிக்கு வாசல் திறந்துவிடுகிறார்கள், வேறொன்றும் நடப்பதில்லை.

இரண்டாவது, மின்வெட்டுப் பள்ளி. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளில் பாதி மின்சாரம் இல்லாதிருந்ததே, அக்காலத்தில் கணினிகள் கட்டாய ஓய்வில் குளிர்ந்தன. அச்சகங்கள் அழுதன, ஹீட்சிங்குகள் சிரித்தன. இம்முறை மாநில அளவில் செயல்படுத்தப்பட்டும் மக்களிடையே வரவேற்பைப் பெறவில்லை.

மூன்றாவது, ஏர்கூலர் பள்ளி. காய்ந்த காற்றில் நீர் வேகமாக ஆவியாகும், ஆகையால் இந்த ஊரில் ஏர்கூலர் நன்றாகவே வேலை செய்யும். கடலோரத்தில் அது வெறும் சத்தம். அறையைக் குளிர வைக்கட்டும், தவறில்லை. அதன் வாயைப் பெட்டியின் வாய்க்கு நேரே வைத்தால்தான் வினை. ஈரக்காற்றும் ஸ்ப்ரே பவுடரும் ஹீட்சிங்கில் சந்தித்தால் விளைவது கஞ்சி. அது காய்ந்தால் சுவர்ப்பூச்சு.

நான்காவது, எண்ணெய்ப் பள்ளி. உடம்புச் சூட்டுக்குச் சனிக்கிழமை நல்லெண்ணெய் என்று நம்பும் சமூகம் இதை யோசிக்காமல் இருந்திருக்க முடியாது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது, காற்றைவிட நன்றாகச் சூட்டை ஏந்தும். ஆகவே கொள்கையளவில் கணினியை அப்படியே எண்ணெயில் முக்கலாம். செய்தும் பார்த்துவிட்டார்கள். மேலே சொன்ன அதே டாம்ஸ் ஹார்ட்வேர் ஏட்டார் 2006இல் விசிறிகளைக் கழற்றிவிட்டு 8 காலன் சமையல் எண்ணெயில் ஒரு மேசைக் கணினியை மூழ்கடித்து ஓட்டினார்கள். 8 காலன் என்பது 30 லிட்டர். விருதுநகர் மார்க்கெட் நிலவரப்படி எண்ணெய்க்கு அளவு 15 கிலோ டின். ஆக ஒரு கணினிக்கு இரண்டு டின். எண்ணெய்ச் சந்தைக்குப் பேர்போன மாவட்டத் தலைநகர் பக்கத்திலேயே இருந்தும் இத்தொழில்நுட்பம் இங்கே வேரூன்றாததற்குக் காரணம் உண்டு. சமையல் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். இதைத் தொடர்ந்து செய்கிறவர்கள் கனிம எண்ணெயையே நாடுகிறார்கள். மேலும், எண்ணெயில் இறங்கிய கணினிக்கு மதர்போர்டு மாற்ற வந்த சர்வீஸ் தம்பி, முதலில் சீயக்காய் கேட்பார்.

ஐந்தாவது, நீர்நிலைப் பள்ளி. 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 864 சர்வர்களை ஓர் உருளையில் அடைத்து, ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுக் கடலடியில் இறக்கினார்கள். 2020இல் எடுத்துப் பார்த்தபோது, கரையில் வைத்தவற்றைவிட எட்டில் ஒரு பங்கே பழுதாகியிருந்தன. உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருந்ததும், தட்டிமுட்டிப் போக மனிதர்கள் இல்லாததும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். மனிதர் பக்கத்தில் இல்லாவிட்டால் கணினி நன்றாக இருக்கும் என்பது மரியாதைக் கோட்பாட்டுக்குக் கிடைத்த கடல்கடந்த சான்று. நம் வட்டாரக் கண்மாயில் இறக்கலாமே எனில், இறக்கலாம். கண்மாயில் தண்ணீர் வரட்டும்.

பேஸ்ட் தீர்ந்தபோது பற்பசை தடவுவோர் ஒரு தனிப்பள்ளி அல்லர், அவசரக்காரர்கள். ஓரிரு நாள் வேலை செய்யும். பிறகு நீர் வற்றிச் சுண்ணாம்பாகும்.

மருந்து அறையிலிருந்து சில விதிகள்

கணினியைக் குளிர்ச்சியாக வைக்கத் தெரிய வேண்டிய அத்தனையும் இவ்வூருக்கு ஏற்கெனவே தெரியும். உலகில் வேறெந்த ஊரையும்விட நன்றாகத் தெரியும். இதுதான் இவ்வாய்வாளரை உறங்கவிடாத முரண். பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் இடைவெளி விட்டே கட்டுகிறார்கள். அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று அளவு உண்டு. மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடிக்கிறார்கள். சிந்திய தூளை அன்றன்றே கூட்டுகிறார்கள். உள்ளே நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை மண்ணுக்கு இறக்குகிறார்கள். இந்த விதிகள் ஏட்டிலிருந்து வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் உயிர் விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இப்பகுதியில் எவரும் மறந்துவிடவில்லை. அந்த விதிகளை மீறிய இடங்களைப் பற்றி இக்கட்டுரை விளையாட்டாக எதுவும் சொல்லாது. கேட்பதெல்லாம், ஆலையில் கைக்கொள்ளும் அறிவை அலுவலகத்துக்கு வரும்போது வாசலில் ஏன் கழற்றிப் போடுகிறோம் என்பதே.

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். ஃபேன்சி ரகங்களில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளிக்கு அலுமினியத் தூள். ஹீட்சிங்கும் பெரும்பாலும் அதே அலுமினியம். கட்டியாக இருக்கும் அலுமினியம் எளிதில் எரியாது. தூளாக்கினால் ஆக்சிஜனைச் சந்திக்கும் பரப்பு பலமடங்கு பெருகி நொடியில் எரியும். ஹீட்சிங்கைத் தகடு தகடாகச் சீவியிருப்பதற்கும் பரப்பைப் பெருக்குவதே காரணம். ஒன்றில் பரப்பு சூட்டைப் பிறப்பிக்கிறது, மற்றதில் கரைத்துவிடுகிறது. தகடுகளுக்கிடையே தூசி அடைந்தால் ஹீட்சிங்க் மீண்டும் கட்டியாகிவிடுகிறது. மருந்தைத் தூளாக அரைப்பதன் அருமை தெரிந்த ஊருக்கு இதைப் புரியவைக்க ஒரு வாக்கியம் போதாதா?

சில ஹீட்சிங்குகளில் செம்புக் குழாய்கள் ஓடும். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் ஜார்ஜ் குரோவர் குழுவினர் உருவாக்கிய முறை இது. குழாயைக் காற்று நீக்கி, சில துளி நீர் விட்டு, உட்சுவரில் திரி வைத்து மூடியிருப்பார்கள். சூடான முனையில் நீர் ஆவியாகும். குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகும். திரி வழியே திரும்பி வரும். உள்ளே நடப்பதை யாரும் பார்க்க முடியாது. நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதை வளைப்பவர்கள் உண்டு. வளைத்த பின் நன்றாக இருக்காது.

இதையெல்லாம் வைத்து இவ்வாய்வு முன்மொழியும் வகைப்பாடு, ஊர் வழக்கை ஒட்டியது. பட்டாசு ஆலைகளை, சிறியதிலிருந்து பெரியது வரை, உரிமம் தரும் அலுவலகத்தைக் கொண்டு டிஆர்ஓ லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று பிரிப்பதுபோல் கணினிகளையும் பிரிக்கலாம். பில் மட்டும் போடுவது டிஆர்ஓ வகை. 100 வாட்டுக்குள் அடங்கும். முன்னும் பின்னும் ஒரு சாண் இடம் கொடுத்தால் மரியாதையாக நடந்துகொள்ளும். டேலி, ஜிஎஸ்டி, மூலையில் கேமரா பதிவு என்று நாள் முழுக்க ஓடுவது சென்னை வகை. இதற்குப் பின்பக்கம் ஒரு ஃபேன் கட்டாயம், முன்பக்கம் வடிகட்டியோடு ஒன்று இருந்தால் நலம். கோரல் டிரா, போட்டோஷாப், தனி கிராஃபிக்ஸ் கார்டு என்று நாட்காட்டி டிசைன் செய்வது நாக்பூர் வகை. 300 வாட்டைத் தாண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் வெளியிடும் சூடு சுமார் 100 வாட். எனவே இந்த வகைக் கணினியை அறையில் மூன்று ஆளாகக் கணக்கிட வேண்டும். இருவர் வேலை பார்க்கும் டிசைன் அறையில், இரண்டு பெட்டியோடு எட்டுப் பேர் மூச்சுமுட்ட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். ஆலையில் இது விதிமீறல்.

துப்புரவுக்கும் ஆலை ஒழுங்கே போதும். பிளக்கைப் பிடுங்கி, பெட்டியை வெளித் திண்ணைக்குத் தூக்கிவந்து, ஏதாவது ஓர் உலோகத்தைத் தொட்டு நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, ப்ளோயர் அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ப்ளோயர் காற்றில் அது கண்மண் தெரியாமல் சுழன்று அச்சை இழக்கும். அறைக்குள்ளேயே அடித்தால் தூசி போவதில்லை, பக்கத்துக் கணினிக்குக் குடிபெயர்கிறது. ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்டை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பட்டாணி அளவு. தாராளம் இங்கே குணம் அன்று. பேஸ்டின் வேலை இரு உலோகங்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் நிற்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமே. உலோகம் கடத்தும் அளவுக்கு அது சூட்டைக் கடத்தாது.

எப்போது செய்வது என்பதில்தான் ஊருக்கும் அறிவியலுக்கும் நேர்ப்பகை. நாட்காட்டி ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். அதற்கான டிசைன் வேலை உச்சம் பெறுவது சித்திரையிலிருந்து ஆனி வரை, கத்திரி வெயிலை நடுவில் வைத்து. பட்டாசு பில்லிங் உச்சம் பெறுவது தீபாவளிக்கு முந்தைய வாரங்களில். ஊரார் கணினியை நினைக்கும் ஒரே நாளான ஆயுத பூஜை, தீபாவளிக்குச் சுமார் மூன்று வாரம் முன்னால் வருகிறது. அன்று திருகைக் கழற்றச் சொன்னால் முதலாளி திருப்புளியைப் பிடுங்கி எறிவார். ஆகவே இவ்வாய்வு பரிந்துரைப்பது இரண்டு காலம்: தீபாவளி முடிந்து ஆலைகள் அடைத்திருக்கும் நாட்களில் ஒன்று, பங்குனிப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒன்று. வெள்ளையடிப்பவர் வருமுன் அல்ல, போன பின்.

வாய்மொழித் தேர்வு

இவ்வாய்வின் புறநிலைத் தேர்வாளராக, மேற்படி அலமாரியின் உரிமையாளரான அண்ணாச்சி அமர்ந்தார். மரியாதைக் கோட்பாட்டை அவர் பொறுமையாகக் கேட்டார். வாட் கணக்கில் இருமுறை தலையாட்டினார். எண்ணெய்ப் பள்ளியின்போது அன்றைய நல்லெண்ணெய் விலையைச் சொன்னார். முடிவில் அலமாரிக் கதவைக் கழற்றிவிட வேண்டும் என்று முன்மொழியப்பட்டபோது ஒரே ஒரு கேள்வி எழுப்பினார்.

"கதவைக் கழத்திட்டா எலி வந்து வயரக் கடிச்சுப்புடுமே தம்பி. அதுக்குத்தான அப்ப ஆசாரிகிட்டச் சொல்லி அடச்சது. அத எங்க எழுதியிருக்க?"

ஆய்வேட்டில் எலிக்கென்று இயல் இல்லை. மரியாதை என்று வகைப்படுத்தப்பட்டதில் ஒரு பகுதி எலி என்பது அப்போதுதான் தெரியவந்தது. சர்வீஸ் தம்பிதான் காப்பாற்றினார்.

"கதவுல பலகைய எடுத்துட்டு, கால் இஞ்சிக் கண்ணு கம்பி வலை அடிச்சிருவோம் அண்ணாச்சி. பின்பலகையிலயும் அப்படியே. காத்து போகும், எலி போகாது."

"ஆகுற செலவு?"

"ரெண்டு பக்கத்துக்கும் சேத்து நாலடி வலை இருந்தாப் போதும். ஆணி நம்மகிட்ட இருக்கு."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா இம்புட்டு நேரம் பேசியிருக்க வேண்டாம்ல" என்ற அண்ணாச்சி, கல்லாவைத் திறந்து பையனைக் கடைக்கு அனுப்பினார். கோட்பாடு நிபந்தனையுடன் ஏற்கப்பட்டது. எலி குறித்த திருத்தத்தை இணைத்து, கிஃப்ட் பாக்ஸ் அட்டைகளை எங்கே மாற்றி அடுக்குவது என்பதையும் எழுதித் தரும்படி பணிக்கப்பட்டுள்ளது.